சுருக்கிய வயிற்றோடு கிள்ளானுக்குச் சரக்கு பேசப் போன மூன்று நாள்

ஏப்ரல் கடைசியில், பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் இருப்பது ஒரு பெரிய வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய். அன்றைக்கு என் எடை 118 கிலோ. இந்தப் பயணத்துக்குக் கிளம்பிய ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை காலை 92. சர்க்கரை மாத்திரை நாளைக்கு நாலாக இருந்தது ஒன்றாகிவிட்டது. தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க மூக்கில் மாட்டிக்கொள்ளும் இயந்திரம் பெட்டிக்குள் போய்விட்டது.

இப்படிப்பட்ட அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எப்போது வெளியூர் போகலாம், எதைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், வெளிச் சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தமிழில் யாரும் எழுதி வைக்கவில்லை. தேடிப் பார்த்துச் சலித்துவிட்டேன். அதனால் நானே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே பட்டறை நடத்துகிறவள். தெரியாதவர்களுக்கு: முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் நாட்டில் அந்தப் பெயர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அடுப்பு, ஒரு சட்டியோடு ஆரம்பித்தது. இன்றைக்கு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

போன காரணம் இரண்டு. ஒன்று, மருத்துவமனையில் மூன்று மாதப் பரிசோதனை. இன்னொன்று, கிள்ளானில் மொத்த வியாபாரம் செய்யும் செல்லையா அண்ணனிடம் தீபாவளி ஆர்டர் பேசுவது. கேரி தீவுத் தோட்டத்துக் கடைகளும் காஜாங் பக்கத்துக் கடைகளும் அவரிடம்தான் எடுக்கும். வருஷா வருஷம் அவர் வாங்கும் இரண்டு டன்தான் என் பட்டறைக்கு முதுகெலும்பு. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஆறு பேரில் இரண்டு பேரை நிறுத்த வேண்டிவரும். யார் அந்த இரண்டு பேர் என்றுகூட மனசுக்குள் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவ்வளவு பயம்.

காரணம் இருக்கிறது. வயிற்றை வெட்டிக்கொண்ட விஷயத்தை நான் தொழிலில் யாரிடமும் சொல்லவில்லை. முறுக்கு விற்கிறவள் முறுக்கு தின்றே பெருத்து, கடைசியில் கத்தி வைத்துக்கொண்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் என் சரக்குக்கு யார் மதிப்பு கொடுப்பார்கள்? அதனால் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்காவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஜூலையில் அண்ணன் ஃபோனில், "இந்த வருஷம் பாதி எடுத்துக்கறேன்மா, மீதிய வேற எடத்துல பாத்துக்கறேன்," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான், நீயும் ரெஸ்ட் எடுக்கணும்ல," என்றார். வியாபாரி உன்னை ஓய்வெடு என்று சொன்னால் அதற்கு அர்த்தம் வேறு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி ரயில். ஈப்போவிலிருந்து தலைநகரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம், நான் எடுத்த ரயிலில் ஒரு வழிக்கு 46 ரிங்கிட். முன்பெல்லாம் வீட்டுக்காரர் காரில்தான் கொண்டுபோய் விடுவார். பெட்ரோல், டோல், சண்டை எல்லாம் சேர்த்தால் ரயிலைவிட மூன்று மடங்கு. ஆனாலும் நான் ரயில் ஏறாததற்குக் காரணம் செலவு இல்லை. இருக்கைக்கு நடுவில் இருக்கும் கைப்பிடி எனக்குக் கீழே இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பாதி வழி நடைபாதையில் தொங்கிக்கொண்டு வருவார். அன்றைக்கு நான் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் கைப்பிடியை இறக்கினாள். அது இறங்கியது. அவள் தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. நான் தஞ்சோங் மாலிம் வரைக்கும் அந்தக் கைப்பிடி மேலேயே கையை வைத்திருந்தேன்.

கையில் கொண்டுபோனவை: அவித்த முட்டை இரண்டு, புரதப் பொடி கலக்கிய சிறிய ஃபிளாஸ்க், தனியாக வெந்நீர், குழந்தைக்கு ஊட்டும் கரண்டி ஒன்று, வைட்டமின் டப்பா. கரண்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெரிய கரண்டி இருந்தால் கை தானாகப் பெரிய வாய்தான் எடுக்கும், ஐம்பது வருஷப் பழக்கம் அது. ஒரு முட்டையைச் சாப்பிட இருபது நிமிஷம் ஆனது. கொஞ்சம் கடித்து, கூழாகும் வரை மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்து, ஜன்னலைப் பார்த்து, பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் அந்தச் சின்னக் குழாயில் இரண்டுக்கும் இடம் கிடையாது.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மால் வழியாக வெளியே வந்து, ஜாலான் துன் சம்பந்தன் சாலையைத் தாண்டி ஜாலான் ஸ்காட் பக்கம் ஒரு சின்ன விடுதி. ஓர் இரவுக்கு 128 ரிங்கிட், குளிர்பதனப் பெட்டி உள்ள அறை. இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள், மிஞ்சும் சாப்பாட்டை வைக்க அது இல்லாமல் முடியாது. ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். மாதிரிப் பைகள் ஏற்றிய தள்ளுபெட்டியோடு பதினேழு நிமிஷத்தில் நடந்தேன். போன வருஷம் இதே தூரத்துக்கு டாக்சி பிடித்து, அதில் ஏற இறங்கவே மூச்சு வாங்கியவள் நான்.

மதியம் எல்ஆர்டி நகர ரயிலில் தாமான் ஜெயா, இருபது நிமிஷத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து மருத்துவமனைக்கு கிராப் வாடகைக் கார், 7 ரிங்கிட். ஓட்டுநர் ஒரு தமிழ்ப் பையன், கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்கா ஆன்டி? யாரைப் பாக்கப் போறீங்க?"

"என்னையத்தான்."

"ஓ. பாத்தா நல்லாதானே இருக்கீங்க."

"அதுக்குத்தான் காசு கட்டினேன் தம்பி."

சர்ஜன் ஐந்து நிமிஷம் பார்த்தார். தையல் தழும்புகளைத் தொட்டார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்று அனுப்பிவிட்டார். நீண்ட நேரம் பிடித்தது உணவு ஆலோசகர் கிரேஸ் அறையில்தான். என் மகள் வயதுப் பெண், பார்வைக்குப் பூனை, கேள்வி கேட்டால் வருமானவரி அதிகாரி. நான் தினமும் சாப்பிட்டதை எழுதி வைத்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் புரட்டினாள்.

"அழகா எழுதியிருக்கீங்க ஆன்டி. ஆனா ரெண்டு வாரமா எடை நின்ன எடத்துலயே நிக்குது. இதுல எழுதாதது என்ன?"

"எழுதாதது ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணுமே இல்ல?"

"பட்டறையில சரக்கு ருசி பாப்பேன். அது சாப்பாடு இல்லையே."

"எப்பல்லாம் பாப்பீங்க?"

"ஒவ்வொரு சட்டி இறக்கும்போதும்."

"ஒரு நாளைக்கு எத்தன சட்டி?"

"இருபத்திரெண்டு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "வாய்க்குள்ள போனா சாப்பாடுதான் லா ஆன்டி. நீங்க சோத்துல பெருக்கல. சட்டியில பெருத்தீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாக மதியச் சோற்றைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் எடை ஏறியதன் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா?

"ருசி பாக்காம எப்படிம்மா சரக்க அனுப்புறது?"

"மென்னு பாத்துட்டுத் துப்பிடுங்க."

"நான் போட்ட சரக்க நானே துப்பினா, வேலைக்கு வர்ற பொண்ணுங்க மத்தியானமே வேற வேல தேடிப் போயிடுவாங்க."

"அப்ப அவங்களையே பாக்கச் சொல்லுங்க. ஆறு பேர் இருக்காங்கல்ல? ஆளுக்கு மூணு சட்டி, நாலு சட்டி. நீங்க மொதலாளி தானே?"

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, தினமும் அறுபது கிராம் புரதம், தட்டில் முதலில் அதைத்தான் தொட வேண்டும், காற்றடைத்த பானம் வேண்டாம், முடி கொட்டுவது இன்னும் சில மாதம் இருக்கும், பயப்படாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் எழுதிக்கொண்டேன். ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் கிள்ளானில் என்ன நடக்கும் என்பதை. சொன்னால் தடுப்பாள் என்று தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு கொண்டு போகிறவர் தன் மாதிரிப் பையைத் தானே பிரித்து, வாங்குகிறவர் கண் முன்னால் ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி. பழைய எண்ணெயில் போட்ட சரக்கா, சிக்கு வாடை அடிக்கிற கடலையா என்பது விற்பவர் முகத்தில் தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. அவர் தின்ற பிறகுதான் வாங்குகிறவர் கை வைப்பார். கிள்ளான் பழைய வியாபாரிகள் இதில் கறார். என் பெட்டியில் இருந்தது ஏழு பை.

அன்று மாலை, விடுதி இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இது பலரும் பயப்படும் இடம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். பரிமாறுகிற பையன் இலையைப் போட்டான்.

"சோறு வேணாம் தம்பி. ஒரு மீன் துண்டு, கீரை ஒரு கரண்டி, தயிர்."

"சோறு இல்லாம எப்படிக்கா? பில்லு எப்படிப் போடறது?"

"தனித்தனியா போடு."

"அப்ப இலை எதுக்குக்கா?"

"இலை உனக்கு அழகுக்கு. தட்டுல குடு."

அவன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். "மொதலாளி சொல்றாரு, நோன்பா அக்கா, கொஞ்சமா ரசம் தரவான்னு." ரசம் வேண்டாம் என்றேன். 13 ரிங்கிட் ஆனது. மீனில் பாதியும் கீரையில் பாதியும்தான் போனது, மீதியைக் கட்டித் தரச் சொன்னேன். அது மறுநாள் காலைச் சாப்பாடு ஆகிவிட்டது. கடைக்காரர் என்ன நினைப்பார் என்ற கூச்சம் முதல் தடவை மட்டும்தான். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கிறது.

புதன்கிழமை காலை 8.50 கொமியூட்டர், அதாவது புறநகர் ரயில். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் ஒரு மணி பத்து நிமிஷம், ஐந்து ரிங்கிட்டுக்குள். முன்பகுதிப் பெட்டிகளில் கூட்டம் குறைவு. கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து ஜாலான் தெங்கு கிளானா, எல்லாரும் லிட்டில் இந்தியா என்று சொல்லும் தெரு, நடக்கிற தூரம்தான். வெயிலில் தள்ளுபெட்டியோடு எனக்குப் பத்து நிமிஷம். தெருவில் சேலைக் கடைக்காரர்கள் அப்போதுதான் பொம்மைகளைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "அக்கா, பெட்டிய நான் தள்ளவா, உள்ள வந்து பாருங்க," என்றார். இல்லையப்பா, நானும் விற்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

செல்லையா அண்ணன் மேசையில் இருந்தார். அறுபத்தைந்து வயது, கழுத்தில் துண்டு, கால்குலேட்டரைத் தொடாமல் கணக்குப் போடுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் எனக்காக எழுந்ததே இல்லை. ஏதோ பேச்சு அவர் காதுக்கு எட்டிவிட்டது என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"வாம்மா. என்னமா இப்படி ஆயிட்டே. உக்காரு உக்காரு. பெட்டிய ஏன் நீ தள்றே?"

"நல்லாதாண்ணே இருக்கேன்."

"ஆமா ஆமா. நல்லாதான் இருக்கே." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பின்னாலிருந்து அண்ணி தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, கொண்டு வந்து வைத்துவிட்டு, என் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பைகளைப் பிரித்தேன். என் திட்டம் இது: ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துண்டு, நன்றாக மென்று, பேச்சுக் கொடுத்து நேரத்தை ஓட்டுவது. முதல் பையில் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டேன். இரண்டாவதில் ஒரு இணுக்கு ஓமப்பொடி. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னமா, கோழி கொத்துற மாதிரி கொத்துறே?"

"காலைலதாண்ணே சாப்ட்டேன்."

"முன்னெல்லாம் சாப்ட்டுட்டு வந்தும் பை பாதி காலியாகும். நாந்தான் உன் கைய புடிச்சு நிறுத்துவேன்." சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "உன் சரக்க உன்னால திங்க முடியலன்னா பரவால்லமா. சொல்லிடு. இந்த வருஷம் வேணாம். ஒடம்பப் பாரு."

இந்த வருஷம் வேணாம். பாதி என்று ஃபோனில் சொன்னவர் இப்போது முழுசுமே வேண்டாம் என்கிறார். எனக்கு அந்த இரண்டு பெண்களின் முகம்தான் முன்னால் வந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததை வேறு யாரும் செய்யாதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். முறுக்குப் பையில் கையை விட்டேன், ஒரு பிடி. பக்கோடாவில் ஒரு பிடி. கொண்டைக்கடலை ஒரு பிடி. மென்றேனா என்றால், மென்ற மாதிரி செய்தேன். தொண்டை காய்ந்தது, தே தாரேக்கை எடுத்து மடமடவென்று அரை கிளாஸ் குடித்தேன்.

மூன்று நிமிஷம் இருக்கும். நெஞ்சுக்கு நடுவில் யாரோ ஒரு கல்லை வைத்து அழுத்தியது போல் வந்தது. வாயில் எச்சில் நுரையாகச் சுரந்தது, விழுங்க முடியவில்லை. நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் குளிர்ந்த வேர்வை. அண்ணன் என்னவோ கேட்கிறார், எனக்கு வாயைத் திறக்கப் பயம். அண்ணிதான் என் தோளைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நிறுத்தினார். அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாம் வெளியே வந்தது. என் சரக்கு, என் கண் முன்னால், கிள்ளான் வியாபாரி வீட்டுத் தொட்டியில்.

அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார், "இந்த வயசுல என்னமா, மசக்கையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அழுகையும் வந்துவிட்டது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வெட்டிக்கொண்டது, எடை, மாத்திரை, ஏன் மறைத்தேன் என்பது, எல்லாம். அவர் வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடிக்கும் முன்பே முன்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"என்னங்க. இங்க வாங்க. புத்துநோய் இல்லயாம்."

அண்ணன் கதவருகில் வந்து நின்றார். "இல்லயா?"

"இல்லண்ணே. வயித்தச் சின்னதாக்கிக்கிட்டேன். சக்கரைக்கும் எடைக்கும்."

"அப்ப அந்த ஈப்போக்காரன் சொன்னது?" இன்னொரு பட்டறைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் குடலில் புற்று என்றும், தீபாவளிக்கு இருப்பேனா என்பதே தெரியாது என்றும். நம்பியிருக்கிறார். நம்பாமல் என்ன செய்வார், நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே.

"ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமேண்ணே."

"என்னன்னு கேக்கறது? நீ சாகப் போறியாமான்னா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரருக்கு மூணு தடவ நம்பர போட்டேன். மூணு தடவையும் கட் பண்ணிட்டேன். ஆர்டர் குடுத்து உன்ன அடுப்படியில நிறுத்தி வெக்கக் கூடாதுன்னுதான் பாதியாக்கினேன். நீ என்னடான்னா மூச்சு விடல."

நான் குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினேன். அண்ணி, "ரெண்டு பேரும் வாயத் தொறந்திருந்தா என் தொட்டி தப்பிச்சிருக்கும்," என்றார்.

நான் கிரேஸுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். திட்டவில்லை, அதுவே திட்டியது போல் இருந்தது. காய்ச்சல் உண்டா, வலி நிற்கவில்லையா, ரத்தம் ஏதாவது வந்ததா, ஒரு மிடறு தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்டாள். இறங்குகிறது, வலி போய்விட்டது என்றேன். அன்றைக்கு முழுக்க வெறும் நீராகாரம், மறுநாள் கூழ், அப்புறம்தான் மென்று தின்பது என்றாள். வலி திரும்பினாலோ, தண்ணீரே தங்காவிட்டாலோ ஆர்டரைப் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்றாள். இந்த வரியை நீங்களும் உங்கள் ஃபோனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முன்பக்கம் வந்து உட்கார்ந்தோம். அண்ணி எனக்கு வடிகட்டிய பருப்புத் தண்ணீரை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தார். அரை மணி நேரம் மிடறு மிடறாகக் குடித்தேன். என் பைகளை அண்ணன் தன் பக்கம் இழுத்து, அவரே ஒவ்வொன்றிலும் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்.

"சரக்கு மாறல," என்றார். "அதே கைப்பக்குவம்."

"எனக்குத்தாண்ணே வயிறு மாறிச்சு. கைக்கு ஒண்ணும் ஆகல."

அண்ணி அதற்குள் முறுக்குப் பையிலிருந்து ஹார்லிக்ஸ் டப்பா மூடியில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, பையைச் சுருட்டி ரப்பர் போட்டார். அவருக்கும் சர்க்கரை. தினமும் நாலு மணிக்கு ஒரு மூடி, அவ்வளவுதானாம். அதற்கு மேல் கை போகாமல் இருக்க, பையை அண்ணனின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவாராம்.

"என்ன மாதிரி ஆளுங்க எத்தன பேர் வர்றாங்க தெரியுமா?" என்றார். "ஒரு கிலோ பைய வாங்கவும் பயம், வாங்காமப் போகவும் மனசில்ல. கையில எடுத்துப் பாத்துட்டு வெச்சிட்டுப் போயிடறாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம் வந்தது என்று சொன்னால் பொய். எனக்கு முதலில் வந்தது. ஒரு மூடி அளவு, முப்பது கிராம், தனித்தனி பாக்கெட். அவர் உடனே, "பாக்கெட் போட ஆள் கூலி யார் குடுக்கறது?" என்றார். அப்போதுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. செத்துப்போகிறவளிடம் யாரும் கூலி பேச மாட்டார்கள்.

பேச்சு அன்றைக்கு முடியவில்லை. யோசித்து மறுநாள் சொல்வதாகப் பிரிந்தோம். ஜூலையிலிருந்து சுமந்த பயம் ஒரு மதியத்தில் இறங்கினால் உடம்புக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? திரும்பி வரும் ரயிலில் சுபாங் ஜெயா வருவதற்குள் தூங்கிவிட்டேன். இயந்திரம் இல்லாமல், உட்கார்ந்தபடி, வாயை மூடிக்கொண்டு.

வியாழக்கிழமை காலை 10 மணி ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கேஎல் சென்ட்ரலுக்கு வந்துவிட்டேன். காத்திருந்த நேரத்தில் இந்தக் கட்டுரையின் பாதியை ஃபோனில் எழுதினேன். மூன்று நாளில் போக வர ரயில், விடுதி, கிராப், சாப்பாடு எல்லாம் சேர்த்து 420 ரிங்கிட்டுக்குள் முடிந்தது, மருத்துவமனைக் கட்டணம் தனி. சாப்பாட்டுக்கு ஆனது அதில் மிகச் சிறிய பங்கு. சின்ன வயிற்றில் அப்படியும் ஒரு லாபம் உண்டு.

உங்களில் யாராவது இதே அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேஎல் பக்கம் வருவதாக இருந்தால், முதல் பரிசோதனைக்கு முன்னால் வேலைப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்தாலும் மருத்துவமனையை முதல் நாளும் வேலையை இரண்டாம் நாளும் போடுங்கள். இடையில் ஒன்றுமில்லாத ஒரு மாலை இருக்கட்டும், நடப்பதற்கு. பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் எல்லா ரயிலும் கிட்ட, அவித்த முட்டையும் தயிரும் எந்த நேரமும் கிடைக்கும். கையில் எப்போதும் ஏதாவது புரதம் இருக்க வேண்டும், பசித்த பிறகு தேடினால் கண்ணில் படுவது வடைதான். நீங்கள் சமையல்காரரோ, கடைக்காரரோ, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்கிற தாயோ, யாராக இருந்தாலும் வாய்க்குள் போவதை எல்லாம் எழுதுங்கள். நான் நேற்றிரவு கிரேஸுக்காக ஒரு புதுப் பட்டியல் போட்டேன். இருபத்திரண்டு சட்டிக்கும் ருசி பார்க்கப் போகிறவர்கள் ஆறு பெண்களும்தான், முறை வைத்து. என் பெயர் அதில் இல்லை.

அதைவிட முக்கியமாக ஒன்று. சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் இல்லை, உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்களுக்கு, உங்களை நம்பிப் பணம் போடுகிற ஆட்களுக்கு. நீங்கள் சொல்லாத இடத்தில் ஊர் தனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளும், அது எப்போதும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். மூன்றரை மாதம் நான் என் வெட்கத்தைக் காப்பாற்றினேன். அதற்கு விலையாக ஒரு நல்ல மனிதர் எனக்குச் சாவு வரப்போகிறது என்று ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறார், நானோ தின்னக்கூடாததைத் தின்றேன். இரண்டும் தேவையில்லாத செலவு.

ரயில் வர இருபது நிமிஷம் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார். தண்டவாளச் சத்தத்துக்கு நடுவில், காதைப் பொத்திக்கொண்டு பேசினோம். ஒரு பாக்கெட்டுக்கு அவர் அறுபது காசில் தொடங்கினார், நான் எண்பதில். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள், முடிவைச் சொல்லாமல் விட்டால் தூங்க மாட்டீர்கள். ஒரு கிலோ பையில் ஆயிரத்து அறுநூறு கிலோ, போன வருஷ விலையான பதினாலு ரிங்கிட் ஐம்பது காசுக்கே. முப்பது கிராம் பாக்கெட் பன்னிரண்டாயிரம், ஒன்று எழுபத்திரண்டு காசு, பாக்கெட் கூலி என்னுடையது, லோரி அவருடையது. முதல் லோடு செப்டம்பர் கடைசி வாரம், சரக்கு இறங்கி ஏழு நாளில் பணம். மாதிரி ருசி பார்ப்பது இனிமேல் வாங்குகிறவர் பொறுப்பு.